தொழுகை வரிசையில் என் இடம்

ஜூலை 9, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. ஏலக்காய்க் கடைக்குப் போகவில்லை. போய்த்தான் என்ன, கூட்டாளி காதரே எல்லாம் பார்த்துக்கொள்கிறான்.

பார்க்கின்சன் மாத்திரை போட்டால் கைகால் தானாக ஆடுகிறது, நெளிகிறது. போடாவிட்டால் மரக்கட்டை. டீக்கடையில் ஒருத்தன், என் காதுபடவே: "பாய் இந்த வயசுல தண்ணியப் போட ஆரம்பிச்சுட்டாரா?" அடப்பாவி!

மதுரை டாக்டர் சொன்னது: மூளைக்குள் கம்பி, நெஞ்சுக்குள் பேட்டரி வைக்கிற ஆபரேஷன். நோய் போகாது. மாத்திரையைக் குறைக்கலாம், ஆட்டம் அடங்கும். பாதி ஆபரேஷன் முழித்துக்கொண்டே. பயம்தான். கூட ஒரு ஆள் வேண்டுமாம். ஆளுக்கு எங்கே போவது?

ஜூலை 11, வியாழன்

வாங்க: சோப்பு, பிரட், எறும்புப் பொடி.

சார்ஜாவிலிருந்து மகன் ரபீக், வீடியோவில். "அத்தா, போன ஆட்டாமப் பிடிங்க, மொகமே தெரியல." ஆட்டுவது நானாடா? ஆபரேஷனுக்கு வா என்று கேட்க வாய் வரவில்லை. "லீவு கெடைச்சா வர்றேன்த்தா." அவனாகவே சொன்னான். போனை வைத்ததும் வீட்டில் ஒரு சத்தமில்லை. அழுதேன்.

ஜூலை 12, வெள்ளி

நோன்பு மாதத்தில் என் முழங்கை இடித்து ஒருவர் கண்ணாடி உடைந்தது. அதிலிருந்து பள்ளிவாசலில் என் இரண்டு பக்கமும் இடம் விட்டு நிற்கிறார்கள். தோளோடு தோள் சேர வேண்டிய வரிசை. காதர்கூடத் தள்ளித்தான்.

இன்று வேண்டுமென்றே மதிய மாத்திரை போடவில்லை. டாக்டர் கேட்டால் திட்டுவார். நின்றேன், ஆட்டமில்லை. வரிசை சேர்ந்தது. வலப் பக்கம் காதர் தோள். ஒரு மனுஷ உடம்பு என் மேல் பட்டு எத்தனை காலம்!

ஸஜ்தாவில் நெற்றி தரையில் வைத்தவன்தான், எழ முடியவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். தொழுகை முடிந்த பிறகு காதர்தான் தூக்கினான்.

"ஏண்ணே, மாத்திரை போடலையா?"

"போட்டா நீ தள்ளி நிக்கிறியேடா."

கேட்டேவிட்டேன். அவன் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டான், கூட ஏறவில்லை.

ஜூலை 13, சனி

வெயில். இரண்டு கையும் ஆட்டம், எழுத்து கோணல்.

மதுரைக்குப் போன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்றேன். அந்த வரிசையில் மாத்திரையும் போட்டுக்கொண்டு, ஆடாமலும் நிற்க வேண்டும், வேறென்ன.

"கூட யாருங்கய்யா வர்றாங்க?" என்றது நர்சுப் பிள்ளை.

"காதர்னு எழுதிக்கம்மா."

அவனிடம் இனிமேல்தான் கேட்க வேண்டும்.