முடிவைச் சொல்லாத பஸ்

மச்சான்,

இதை எழுதும் என் விரலில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் முழுதாகப் போகவில்லை. பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்த இந்த வாசம் வந்தால் எனக்கு உன் ஞாபகம்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தொங்கும் தகரப் பலகையை நீ எழுதிய அன்று நம் பஸ் முழுக்க இதே வாசம். "மேட்ச் முடிவைச் சொல்பவர் பாதி வழியில் இறக்கப்படுவார்." தமிழில் ஒரு தரம், அதற்குக் கீழே சிங்களத்தில் ஒரு தரம். இன்று காலை அந்தப் பலகையைக் கழற்றி, அடியில் நானும் ஒரு வரி சேர்த்தேன். என்ன வரி என்று கடைசியில் சொல்கிறேன். பொறு, உனக்கு எப்போதும் அவசரம்தான்.

முதலில் பெரிய செய்தி. நம்மாளின் கடைசி ஆட்டத்தை நேற்று பார்த்துவிட்டேன். ஆட்டம் நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, உலகத்துக்கே முடிவு தெரியும், நான் மட்டும் நேற்றுதான் பார்த்தேன். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான். இன்று காலை முதல் ஓட்டத்தில் ஹிந்தகல வளைவில் தேவையில்லாமல் மூன்று தரம் ஹார்ன் அடித்தேன். உன் இடத்துக்கு வந்த புதுக் கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அவனை நாம் முதன்முதலில் பார்த்த பகல் ஞாபகம் இருக்கிறதா? கலஹாவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஊருக்கே அண்ணனான நம் நானாவின் தேநீர்க் கடையில் பணிஸும் பிளேன்டீயும். சுவரில் டிவி. பிரான்ஸ் நாட்டுக் கால்பந்து ஆட்டம் ஒன்றின் மறுஒளிபரப்பு. கொக்கு மாதிரி ஒரு நெட்டைப் பையன், கோல்கீப்பர்கூட இல்லாத வெறும் கம்பத்துக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்தான். கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நீ மட்டும் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாய்.

"சிரிக்காத மச்சான். தவறவிட்டுட்டு தலைய குனிஞ்சானா பாரு. இல்ல. கைய தூக்கி மறுபடியும் பந்தைக் கேக்குறான். இவன் நம்மாளு."

அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் நம்மாள். அவனுடைய சொந்தப் பெயரை நம் இரண்டு பேர் வாயிலும் கடைசி வரை சரியாக வரவழைக்க முடியவில்லை. அவன் ஊர் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன டவுன் என்றும், அப்பா லொறி டிரைவர் என்றும் தெரிந்த நாளில் நான் உன்னைவிடத் துள்ளினேன். "பார்த்தியா, டிரைவர் வீட்டுப் புள்ள" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "அப்ப அவங்க அப்பாவுக்கு வழி சொன்ன கிளீனரும் ஒருத்தன் இருந்திருப்பான்ல, அவனைச் சொல்ல மாட்டியே" என்றாய்.

ஆட்டம் நடக்கிற நேரம் நமக்கு இரவு. நமக்கோ விடியற்காலையில் முதல் பஸ். தூங்காமல் வளைவுகளில் ஓட்டினால் நாற்பது பேரின் உயிர் என் கையில். அதனால் நீதான் சட்டம் போட்டாய்: இரவு யாரும் பார்க்கக் கூடாது, பகல் பன்னிரண்டுக்கு நானா கடையில் மறுஒளிபரப்பில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும், அதுவரை முடிவு காதில் விழக் கூடாது. சொல்வதற்கு எளிது. காலை முழுக்கக் கலஹாவுக்கும் கண்டிக்கும் இடையில் ஏறி இறங்குகிற ஆட்களில் பாதிப்பேருக்கு முடிவு தெரியும். இளைஞர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள். அதற்குத்தான் அந்தப் பலகை. ஒரு தரம் கேம்பஸ் பொடியன் ஒருவன் "ரெண்டுக்கு..." என்று வாயைத் திறந்ததும் நீ பஸ்ஸின் பக்கத்தைத் தட்டி நிறுத்தச் சொன்னாய். அவன் கெஞ்சியபோது நான் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் புட்போர்டில் நிற்க வைத்துத்தான் கூட்டிப்போனாய்.

அந்தக் கப் இறுதி ஆட்டத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. கால் உடைந்து ஒரு வருடம் படுத்துக்கிடந்தவன், இனி எழும்ப மாட்டான் என்று பேப்பர்காரர்கள் முடித்துவிட்டவன், திரும்பி வந்து, தான் சேர்ந்திருந்த பெரிய கிளப்பை இறுதி ஆட்டம் வரை இழுத்து வந்திருந்தான். அன்று காலை பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. ஏறுகிறவர்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். பேராதனையில் ஏறி கலஹாவுக்குப் படிப்பிக்கப் போகும் யாழ்ப்பாணத்து டீச்சர், வழக்கமாக உன்னைக் கிண்டல் பண்ணாமல் உட்காராதவர், அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ முன்னால் வந்து என் காதருகில் குனிந்தாய்.

"போச்சு மச்சான். மூஞ்சிங்கள பாரு. எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்காங்க."

அதோடு உன் வேலை கெட்டது. மஹகந்தயில் நின்றுகொண்டு "ஹிந்தகல, ஹிந்தகல" என்று கூப்பிட்டாய். டிக்கட் எடுத்தவர்களிடமே மறுபடி டிக்கட் கேட்டாய். நானா கடைக்கே வரமாட்டேன் என்று பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டவனை நான்தான் கையைப் பிடித்து இழுத்துப்போனேன். நானாவும் நம்மைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இரிங்கொ, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றார்.

தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லாமல் முடிந்தது. மேலதிக நேரம் தொடங்கியபோது நாம் கண்டிக்குப் புறப்பட வேண்டிய நேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சரும், பஸ்ஸுக்குக் காத்திருந்த சனமும் கடைக்குள் வந்து நின்றார்கள். புறப்படச் சொல்லி நம்மை விரட்ட வந்த டைம் கீப்பரும் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்திலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. இரண்டு பேருக்கு நடுவில் அந்தக் கொக்குக் கழுத்து எழும்பியது. தலையில் பட்டது, உள்ளே போனது. நீ துள்ளிய துள்ளலில் மேலே தொங்கிய வாழைக்குலையில் உன் தலை மோதி, பழம் நாலு உதிர்ந்தது. தலையைத் தடவிக்கொண்டு நீ திரும்பியபோது கடை முழுக்க உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "நாங்கள் எல்லாரும் பேசி வைச்சனாங்கள் தம்பி. சிரிச்சால் நீர் கண்டுபிடிச்சுப் போடுவீர் எண்டு, காலமை தொடக்கம் முகத்தை இறுக்கி வைச்சிருந்து எனக்குத் தாடை நோகுது."

பலகை வாயைத்தான் கட்டும், முகத்தைக் கட்டாது என்பது உனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சனத்துக்குத் தோன்றியிருக்கிறது. அன்று பஸ் அரை மணி நேரம் தாமதம், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

பிறகு அந்தப் பெனால்ட்டி. நாட்டுக்காக விளையாடிய ஒரு கப் இறுதி ஆட்டத்தில் வலது பக்கம் அடித்து, கோல்கீப்பர் கையில் கொடுத்தான். சொந்த நாட்டுக்காரர்களே அவனைப் பார்த்து விசில் அடித்தார்கள். நீ இரண்டு நாள் டிக்கட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தாய். மூன்றாவது நாள் கண்டி ஸ்டாண்டில் பஸ்ஸைத் திருப்பும்போது திடீரென்று, "இடது பக்கம் அடிச்சிருக்கணும் மச்சான்" என்றாய். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அதை எத்தனை தரம் சொன்னாய் என்று எனக்குக் கணக்கில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாலிருந்து "இடது பக்கம், இடது பக்கம்" என்று நீ கத்தினால், பஸ்ஸைச் சொல்கிறாயா அவனைச் சொல்கிறாயா என்று கேட்பேன்.

வயதாகி, வேகம் குறைந்து, அவன் ஆடத் தொடங்கிய அந்தச் சின்ன டவுன் கிளப்புக்கே திரும்பிப் போனான். அங்கே ஒரு பருவம் ஆடிவிட்டு ஓய்வு என்று அறிவித்தான். கடைசி ஆட்டத்துக்கு முந்திய வாரம் உன் நெஞ்சு வலித்தது. பேராதனையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஒரு நாள் லீவு கேட்டு நானா கடைக்கு வந்துருவேன், நீ தனியா பார்த்துடாத" என்றாய். சட்டம் போட்டவன் அதை மீற மாட்டான், எப்படியும் வந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

டாக்டர் உனக்கு லீவு தரவில்லை. ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, இரண்டாவது ஓட்டம். பேராதனையில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரியின் போனிலிருந்து நீ பேசினாய். குரல் மெலிந்திருந்தது.

"மச்சான், ஆட்டம் முடிஞ்சிருக்கும்ல? முடிவு என்னா?"

நான் சிரித்தேன். "என்னாடா, நீ போட்ட சட்டத்தை நீயே மீறுறியா? பகல் பார்த்துட்டு நேரா அங்க வர்றேன், சொல்றேன்."

நீயும் லேசாகச் சிரித்தாய். "சரிடா. பகல் பாரு."

பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. பகல் வரை இருக்க மாட்டாய் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கேட்டாய். வேறு எதற்கு நீ கேட்பாய்? என் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், யாராவது சொல்லியிருப்பார்கள். நான் உனக்குச் சொல்லியிருப்பேன். நான் திரும்பவில்லை மச்சான். பகிடியாகப் பதில் சொல்லிவிட்டு கியரைப் போட்டேன். காரியம் முடிந்த பிறகு டீச்சர் என்னிடம் வந்து, "நீர் போனில கதைச்சது எனக்குக் கேட்டது தம்பி. நான் எழும்பிச் சொல்லியிருக்கலாம்" என்று அழுதார்.

அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. நீ கேட்டுக் கிடைக்காததை நான் மட்டும் தெரிந்துகொள்ள மனம் வரவில்லை. நம் சனத்தைச் சொல்ல வேண்டும்: ஒரு வருடம், இரண்டு பக்க ஓட்டத்திலும், ஒருவர்கூட என்னிடம் வாய் தவறவில்லை. புதிதாக யாராவது நம்மாளைப் பற்றிப் பேச்செடுத்தால் பின்சீட்டிலிருந்து "உஷ்" என்று கேட்கும். நானா அந்த ஆட்டத்தைப் பென் டிரைவில் போட்டு பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

நேற்று உன் ஆண்டுத் திவசம். உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழும்பும்போது உன் வீட்டுக்காரி, "போய் பாருங்கண்ணே. அவரு பார்க்கச் சொன்னாரு இல்ல" என்றாள். நீ கடைசியாகச் சொன்னது அதுதானே. போனேன். கடையில் பெரிய கூட்டம். டீச்சர், டைம் கீப்பர், அன்று புட்போர்டில் நின்ற கேம்பஸ் பொடியன்கூட வந்திருந்தான். எல்லார் முகமும் எழவு வீட்டு முகம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ ஏமாந்த மாதிரி நானும் ஏமாறுவேனா? நானா வாழைக்குலையை வேறு ஆணிக்கு மாற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்தபோது மட்டும் கண் கலங்கியது.

கேள், மச்சான். சின்ன மைதானம். பின்னால் மலை, நம் ஹந்தானை மாதிரியே, உச்சியில் மேகம். மதிலில் ஏறிச் சனம் உட்கார்ந்திருக்கிறது. வென்றால்தான் கிளப் அந்தப் பிரிவில் நிற்கும், சமநிலை போதாது. ஆளுக்கொரு கோல். கடைசிக் கால்மணி நேரத்தில் நம்மாளை இறக்கினார்கள். தலையில் பாதி முடி இல்லை, ஓட்டத்தில் பழைய வேகம் இல்லை. ஆனால் இரண்டு தடியன்களை முதுகால் தாங்கிக்கொண்டு சின்னப் பையன்களுக்கு வழி விட்டான் பார், கூட்டமான பஸ்ஸில் நீ வழி எடுத்துக் கொடுப்பாயே, அதே மாதிரி. ஒரு பந்து தலையில் பட்டுக் கம்பத்தில் மோதியது. நான் பல்லைக் கடித்தேன். பிறகு, முடிய ஒரு நிமிடம் இருக்கையில், பையன் ஒருவனைக் கட்டத்துக்குள் விழுத்தினார்கள். பெனால்ட்டி.

விழுந்த பையனே பந்தை எடுத்தான். நம்மாள் கிட்டப் போனான். கையை நீட்டிப் பந்தைக் கேட்டான், மச்சான். முதல் நாள் கேட்ட அதே கை. டிவியில் லொறிக்கார அப்பாவைக் காட்டினார்கள், கிழவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். நம்மாள் பந்தை வைத்தான். பின்னால் நடந்தான். கடைக்குள் ஒருவரும் மூச்சு விடவில்லை, முடிவு தெரிந்தவர்கள்கூட. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

பலகையில் சேர்த்த வரியை இப்போது சொல்கிறேன். "கேட்டால் உடனே சொல்லப்படும்." எழுத்து உன்னுடையதைப் போல அழகாக இல்லை, கொஞ்சம் கோணல்தான். ஆனால் இனி என் பஸ்ஸில் யார் எதைக் கேட்டாலும், அந்த இடத்திலேயே பஸ்ஸை நிறுத்தி, திரும்பி முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். பகல் வரை யாரையும் காக்க வைக்க மாட்டேன்.

நீ கேட்டாய். ஒரு வருடம் பிந்திச் சொல்கிறேன்.

இடது பக்கம்தான் அடித்தான், மச்சான். கோல்.