நாலாவது வளைவில் உன் பெயர்

என் தேனு அக்கா,

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் தூக்கம் வர மாட்டேன் என்கிறது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் திருப்பி வைத்துப் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிடலாம். அப்பா கூடத்தில்தான் படுத்திருக்கிறார். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது.

பச்சைமலையில், நாலாவது வளைவில், உன் பெயரை ஏன் எழுதினாய்?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். நீ போன பிறகு நடந்ததை முதலில் சொல்கிறேன். போன வைகாசியில், லேப் வேலை முடிந்து சைக்கிளில் வந்த உன்னை அரியலூர் ரோட்டில் அந்தச் சுண்ணாம்புக்கல் லாரி அடித்த நாளிலிருந்து, நம் வீட்டில் யாரும் சைக்கிள் என்ற சொல்லைக்கூடச் சொல்வதில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு சைக்கிள் கொடுத்தார்கள். எல்லோரும் மணி அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அப்பா காலையிலேயே சொல்லிவிட்டார்: “அந்தச் சனியன வூட்டுக்குக் கொண்டாந்தே, வெட்டிக் கெணத்துல போட்ருவேன்.”

அம்மா மக்காச்சோளத்தை உதிர்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் போக்கிடம் தெரியவில்லை அக்கா. குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் டவுன் வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டே போனேன். ஏறி ஓட்டப் பயம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ போய் நின்ற ஜமால் பாய் சைக்கிள் கடை வாசலில் நிறுத்தினேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“தேன்மொழி தங்கச்சியா? மூக்கப் பாத்தாலே தெரியுதே. உள்ள வாம்மா. சைக்கிளு இங்கயே நிக்கட்டும், அது என்ன சோறா கேக்கப் போவுது?”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சாயங்காலம் கடைக்குப் போய் ஓட்டுவேன். பாய் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் என்கிற பல்சக்கரத்தைப் பெரிதாக மாட்டிக் கொடுத்தார். மேட்டில் மிதிப்பது லேசாகிவிட்டது. உன்னோடு ஓட்டியவர்களெல்லாம் அப்படியே இருக்கிறார்கள். தபால்காரி சுமதி அக்காவை நினைவிருக்கிறதா? எந்த லாரி ஹாரன் அடித்தாலும் நான் சட்டென்று இறங்கிப் பள்ளத்தில் போய் நின்றுவிடுவேன். ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே, “ஏ பாப்பா, லாரிக்காரன் ஒன்னையா தேடி வரான்? சிமெண்டு ஆலையத் தேடிப் போறான்டி” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கு உன் ஞாபகம் வந்தது. அன்று கடை வரைக்கும் ரோட்டுப் பக்கம் அவர் வண்டி, உள்பக்கம் என் வண்டி.

அன்றிலிருந்து எப்போதும் அப்படித்தான் வருகிறோம்.

வருகிற ஞாயிறு கடையின் மலையேற்றப் போட்டி. போன தை மாதம், சிநேகிதி வீட்டுக் காதுகுத்து என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நீ போனாயே, அதே போட்டி. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். கியர் இல்லாத சைக்கிளில் அடிவாரத்திலிருந்து உச்சி வரை மிதிக்க வேண்டும். யார் முதலில் வருகிறார்கள் என்பதைவிட, கால் ஊன்றாமல் வந்தது யார் என்பதுதான் இவர்களுக்குப் பெரிது. எங்கே கால் தரையில் பட்டதோ அந்த இடத்துச் சுவரில் சாக்பீஸால் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். போட்டி முடிந்து இறங்கும்போது பெயிண்டால் அதன்மேல் எழுதிவிடுகிறார்கள். யாரும் காவல் நிற்பதில்லை. ஊன்றினேன் என்று அவரவரே சொன்னால்தான் உண்டு.

அதனால் மலை முழுக்கப் பெயர்கள். பேச்சில்கூட “ஆறாவது வளைவு ரமேஷு வந்திருக்கான்” என்றுதான் சொல்கிறார்கள். உச்சியில் மட்டும் ஒரு பெயரும் இல்லை.

போன ஞாயிறு ஒத்திகைக்கு எல்லோரும் போனோம். சைக்கிள்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அடிவாரத்தில் இறக்கினார்கள். முதல் முறையாக நான் லாரி வராத ரோட்டைப் பார்த்தேன். எவ்வளவு அமைதி அக்கா! என் மூச்சு எனக்கே கேட்டது. குரங்குகள் சுவரில் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. நீயும் இதையெல்லாம் பார்த்தாயா, இல்லை, தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டே போனாயா?

ஆறாவது வளைவுக்கு முன்னால் என் கால் தானாக இறங்கிவிட்டது. அதற்கு வருத்தமில்லை. அதற்கு முன்பே, நாலாவது வளைவில், மஞ்சள் எழுத்தில் ‘தேன்மொழி’ என்று பார்த்துவிட்டேன். உன் கையெழுத்து. மொ-வுக்கு நீ போடும் அந்தப் பெரிய கொம்பு.

எனக்குக் கோபம் வந்தது. போட்டி முடிந்த அன்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு என் காதில், “கால ஊனவே இல்லடி, உச்சி வரைக்கும்” என்று சொன்னாய். சத்தியம் பண்ணச் சொன்னேன், என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாய். நாலாவது வளைவில் மேடே இல்லையே. பயந்தாங்கொள்ளி நானே அங்கே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். என்னிடம் போய் ஏன் பொய் சொன்னாய்?

திரும்பும்போது சுமதி அக்காவிடம் கேட்டுவிட்டேன். அவர் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார்.

“ஒங்க அக்கா ஊனல. அவ பின்னாடியே வந்தவ நான், எனக்குத் தெரியாதா?”

“பின்ன பேரு இருக்கே?”

“உச்சிக்குப் போனோம். பாயி குஷியில போட்டா எடுக்க வந்தாரு. ‘ஊனாம வந்த மொதப் பொம்பளப் புள்ள. பழைய பஸ் ஸ்டாண்டுல இந்தா பெருசுக்கு பேனர் வெக்கிறேன்’னாரு. ஒங்கப்பா வெங்காயம் போட வார மார்க்கெட்டு அதுக்கு எதுத்தாப்புலதான? இவ மூஞ்சி செத்துப் போச்சு. ‘இல்ல பாய், நாலாவது வளைவுல ஊனிட்டேன், மறந்துட்டேன்’னுட்டா. எறங்கறப்ப பிரஷ்ஷ வாங்கி அவளே எழுதினா.”

“நீங்க சொல்லலையா?”

“எப்படிச் சொல்றது? ஊனினேன்னு அவளே சொல்றா, அதுதான சட்டம். பொய் சொல்லி ஜெயிக்கிறவள ஆயிரம் பாத்திருக்கேன். பொய் சொல்லித் தோத்தவள அன்னிக்குத்தான் பாத்தேன்.”

அக்கா, எனக்கு நீ எதற்கும் பயப்படாதவள். பாம்பை வாளியால் மூடியவள். ராத்திரி பஸ்ஸில் தனியாக வந்தவள். உனக்கும் அப்பாவிடம் இவ்வளவு பயமா? அந்தப் பெயரை எழுதும்போது என்ன நினைத்தாய்? எழுத்து நேராகத்தான் இருக்கிறது. இறங்கி வரும்போது அழுதாயா, இல்லை, தப்பித்தோம் என்று சிரித்தாயா? உன் தோளில் சாய்ந்து படுத்திருந்த என்னிடம் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை ஏன் வைத்துக்கொண்டாய்?

ஒன்று மட்டும் புரிகிறது. நீ ஜெயித்தது அப்பாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த உன் சைக்கிள் கதை ஒன்றே ஒன்றுதான், அதில் லாரி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பேச்செடுத்தால்கூட, “எம் புள்ள ஒழுங்காத்தான்யா ஓட்டியிருப்பா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். நீ எவ்வளவு நன்றாக ஓட்டினாய் என்று சொல்ல இந்த வீட்டில் யாருமில்லை, என்னைத் தவிர.

பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் போட்டிப் படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். அவர் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். முத்துசாமி, கீழே ஒரு கோடு. பார்த்தால் அச்சு அசலாக இருக்கிறது. கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் மலையில் இருப்பேன், யாருக்கும் தெரியாது. நான் உச்சிக்கே போனாலும் யாருக்கும் தெரியாது. உன்னுடையதைப் போலவே.

அந்தப் படிவத்தை இப்போதுதான் நாலாகக் கிழித்தேன். கிழிக்கிற சத்தத்துக்கு அப்பா எழுந்துவிடுவாரோ என்று துணியில் சுற்றிக் கிழித்தேன்.

காலையில் அவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும்போது போவேன். அடிப்பாரோ, அழுவாரோ, தெரியவில்லை. அழுதால்தான் எனக்கு அதிகப் பயம். சைக்கிளை உண்மையாகவே கிணற்றில் போட்டாலும் போடட்டும். என் படிவத்தைப் பற்றி முதலில் பேச மாட்டேன். ‘அப்பா, பச்சைமலையில் தேனு அக்கா கால் ஊன்றவே இல்லை’ என்பதுதான் முதல் வார்த்தை. அவர் கேட்கக் கேட்க ஒவ்வொரு வளைவாகச் சொல்வேன். உச்சி வரைக்கும் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் என்னைப் பற்றிக் கேட்பேன். இது சத்தியம்.

உன்னை ஒட்டிப் படுத்துக்கொள்ளும் தங்கச்சி,
வளர்மதி