மாதாவின் பழைய சேலை

5-3-64, வியாழன்
வெயில். மலைப் பாறையெல்லாம் கொதிப்பு. விதைக்கு மல்லாட்டை உரித்தேன், இரண்டு மரக்கால் கடலை. நகக்கண் எரிச்சல்.

இன்றும் வாசல் தாண்டக் கூடாது. நைனா உத்தரவு. கோயிலில் மாதாவின் சங்கிலி காணோம் என்று தெரிந்து ஐந்து நாள். தவக்காலத்துக்கு முன் மாதா சுரூபத்தின் சேலை, நகை எல்லாம் கழற்றியது நான். தனியாக. அவ்வளவு போதும் அவர்களுக்கு.

கோயில் உபதேசியார் வீட்டம்மா எங்கள் வாசலிலேயே நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி: "ஊமையாட்டம் இருந்துக்கினு இன்னா வேலை பண்ணியிருக்குது பாரு!"

6-3, வெள்ளி
கஞ்சி. துவையல். ஒருசந்தி, ஒரு வேளைதான்.

சிலுவைப் பாதை சொல்லும்போது ஞாபகம் வந்தது. சங்கிலி நழுவாமல் கொசுவத்தில் ஊக்கு குத்தியிருந்தேன். அந்த ஊக்கைக் கழற்றவே இல்லை. சங்கிலியோடு அப்படியே மடித்துவிட்டேன்.

சேலை இப்போது எங்கள் வீட்டிலேயே, ஸ்டெல்லா அக்கா தலையணைக்கு அடியில், சுகப்பிரசவம் ஆகட்டும் என்று. பிரசவத்துக்கு அம்மா வீடு வந்திருக்கிறாள். முதல் இரண்டும் தங்கவில்லை. மாதா சேலையைக் குழந்தை பிறக்கும்வரை பிரிக்கக் கூடாது. இன்னும் ஒரு மாதம்.

அம்மாவிடம் சொன்னேன். என் வாயைப் பொத்தினாள். "பிரிச்சு, அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? அந்தப் பழியும் உன் தலையிலதான்டி."

நைனாவிடம் சொல்லக் கூடாதாம். ஞாயிறு பூசையில் எல்லார் முன்னும் முழங்காலில் நின்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் அவர்.

7-3, சனி
பூசைக்கு மட்டும் விட்டார்கள். வாசகம் லத்தீன். பிறகு சாமியார் தமிழில் சொன்னார். சூசன்னா கதை. தோட்டத்தில் ஒருவனோடு இருந்தாள் என்று இரண்டு கிழவர்கள் பொய்ப்பழி போட்டார்கள். சாகத் தீர்ப்பு. அவள் கடவுளை உரக்கக் கூப்பிட்டாள். தானியேல் வந்து கிழவர்களைத் தனித்தனியாகக் கேட்டான், எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று. ஆளுக்கொரு மரம் சொன்னார்கள். பிழைத்தாள்.

என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. "எங்க வெச்ச?" மட்டும்தான்.

உபதேசியார் வீட்டம்மாவை எத்தனை முறை தனியாகக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நம்புகிறாள். அதற்குத் தானியேல் என்ன செய்வான்?

தாவணி துவைத்தேன். நாளைக்கு.

8-3, ஞாயிறு
முழங்காலில் நின்றேன். சாமியார், "சொல்லும்மா."

"நான் எடுக்கலை சாமி." என் குரல்தான். கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். நைனா தலை குனிந்தார்.

உபதேசியார் வீட்டம்மா எழுந்தாள். "அப்ப எங்கதான் இருக்குது? அதையும் சொல்லேன்!"

தூண் பக்கம் ஸ்டெல்லா அக்கா. வயிற்றின்மேல் கை. என்னையே பார்த்துக்கொண்டு.

"தெரியாது சாமி."

சூசன்னா பொய் சொல்லவில்லை.