குணமாகாத மகளுக்காக ஒரு பால்குடம்

என் செல்ல அப்பா,

"எனக்கு இன்னும் சரியாகலைப்பா." தைப்பூசத்தன்று உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்.

டேங்க் ரோடு கோயிலில் பால்குடத்தை இறக்கிவிட்டு வெளியே வந்தீர்கள். மஞ்சள் வேட்டி வியர்வையில் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. சிங்கப்பூர் வெயிலின் தார்ச் சூட்டில் பாதம் சிவந்திருந்தது. ஒரு சின்னக் கிண்ணத்தில் பாலை நீட்டி, "குடி பாப்பா. ஒனக்காகத்தான். முருகன் என்னைக் கைவிடலை" என்றீர்கள்.

பால் சாக்கடைபோல் நாறியது. பாலில் ஒரு குறையும் இல்லை, என் மூக்கில்தான். கொரோனா வந்துபோன பிறகு பாலும் காப்பியும் வதக்கிய வெங்காயமும் எனக்கு அப்படித்தான் நாறின. மூச்சை அடக்கிக்கொண்டு குடித்தேன். குடித்துவிட்டுச் சிரித்தேன். நீங்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அந்த முகத்தைப் பார்த்து எந்த மகளால் சொல்ல முடியும்?

காய்ச்சல் என்னவோ சில நாளில் போய்விட்டது. நான்தான் திரும்பி வரவில்லை. குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டியிருந்தது. சும்மா நின்றாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. புத்தகத்தில் ஒரு பக்கத்தின் அடிக்கு வரும்போது மேலே என்ன படித்தேன் என்பது போயிருக்கும். இன்று கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று நடந்தால், நாளையும் மறுநாளும் உடம்பு பழிவாங்கும். கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியாமல் கிடப்பேன்.

அப்போதுதான் வேண்டிக்கொண்டீர்கள். நான் குணமானால் மூன்று வருடம் தொடர்ந்து பால்குடம்.

மருத்துவமனையில் இதயம், நுரையீரல், இரத்தம் என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். எதிலும் கோளாறு தெரியவில்லை. அதைக் கேட்ட உடனேயே அம்மாவுக்குப் போன் போட வெளியே ஓடிவிட்டீர்கள். "எல்லாம் க்ளியர்! இந்தப் பூசத்துக்கே எடுத்துடறேன்!" கதவுக்கு வெளியே உங்கள் குரல் கேட்டது. உள்ளே டாக்டர் மிச்சத்தை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சோதனையில் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாதாம். கிருமி போன பிறகும் சிலருக்கு இப்படி நீடிக்கிறதாம். எப்போது சரியாகும் என்று கேட்டேன். அதை அவரால் சொல்ல முடியவில்லை.

பஸ் ஓட்டிக்கொண்டே விரதம் இருந்தீர்கள். டெப்போ கேன்டீனில் உங்கள் கூட்டாளி, "அண்ணே, முட்டை பரோட்டாவப் பாத்தா கண்ண மூடிக்கிறீங்க. ரோட்டப் பாத்து மூடிடாதீங்க லா!" என்றாராம். அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நான் நோயில் விழுந்த பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பூசம் முடியட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில், டெப்போவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். மகள் குணமாகிவிட்டாள் என்று நம்பியபடியே போனீர்கள். அதில் நான் ஆறுதல் அடைய வேண்டுமா? சில நாள் அடைகிறேன். சில நாள், என்னைத் தெரியாமலேயே போய்விட்டீர்களே என்று இருக்கிறது.

இங்கே உள்ள சேதியைச் சொல்கிறேன். தஞ்சோங் பகார் அலுவலக வேலையை இன்னும் விடவில்லை. அரை நாள் வேலை, அரைச் சம்பளம். பெரும்பாலும் தெம்பனிஸ் வீட்டில் கட்டிலில் சாய்ந்தபடிதான். "எந்நேரமும் படுக்கையும் லேப்டாப்பும்! இந்தக் காலத்துப் புள்ளைங்க வேலையே வேலை" என்று அம்மா முணுமுணுப்பாள். அலுவலகம் போயே ஆகவேண்டிய நாளில் ரயிலில் முன்னுரிமை இருக்கையில் உட்கார்ந்துவிடுவேன். அண்மையில் ஒரு பெரியவர் குனிந்து, "ஏம்மா, சின்ன வயசு, காலு நல்லாத்தானே இருக்கு? கொஞ்சம் எந்திரிக்கக் கூடாதா?" என்றார். எழுந்துவிட்டேன். அவருக்கு எதைக் காட்டுவது? எனக்குக் கட்டு இல்லை, கைத்தடி இல்லை. அடுத்த நிலையத்தில் இறங்கித் தரையிலேயே உட்கார்ந்தேன். மேலதிகாரியும் நல்லவர்தான். "பாக்க நல்லாத்தானே இருக்கே, ஜிம்முக்குப் போய்ப் பாரேன்" என்கிறார்.

போன பூசம் உங்கள் துக்கத்தில் கழிந்தது. இந்த முறை மார்கழி பிறந்ததுமே அம்மா ஸ்டோர் ரூமிலிருந்து குடத்தை எடுத்துவிட்டாள்.

"மூணு வருஷம்னு வேண்டிக்கிட்டாரு. ஒண்ணுதான் முடிச்சாரு. மிச்சத்தை நீதான் எடுக்கணும்."

"நானா?"

"பின்ன? ஒனக்கு நல்லானதுக்குத்தானே எடுத்தாரு! என் முட்டி லிஃப்டு வரைக்கும் போறதுக்கே அழுவுது. நீ சின்னப் பொண்ணு, பறந்து போயிட்டு வந்துடுவ."

சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலோடு. நடப்பதைவிட வரிசையில் நிற்பதுதான் எனக்கு எமன். ஒவ்வொரு முறை இப்படி மீறி விழுந்து எழும்போதும் எதையாவது இழந்துவிட்டுத்தான் எழுகிறேன், அப்பா. ஒரு முறை மாடிப்படி ஏறுவது போனது. இன்னொரு முறை முழு நாள் வேலை போனது. மிச்சம் இருப்பது அரை நாள் வேலையும், நல்ல நாளில் நாலைந்து பக்க வாசிப்பும். அவையும் போனால் நான் யார்? அதோடு, வராத குணத்துக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது?

அம்மா சமையலறையில் புளி போட்டுக் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, எனக்கு இன்னும் சரியாகலை."

"என்ன, சளியா?"

"கொரோனா."

"அது எப்பவோ போயிடுச்சேடி!"

"அது போயிடுச்சும்மா. அது செஞ்சது போகலை. அப்பா குடம் எடுத்த அன்னைக்கும் இப்படித்தான் இருந்தேன்."

அம்மா குழாயை மூடினாள்.

"அப்ப ஒங்கப்பா நடந்தது சும்மாவா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். அதை உங்களிடமே கேட்கிறேன், அப்பா. அந்தச் சூட்டில் ஒவ்வோர் அடியும் யார் கணக்கில் சேர்ந்தது? உங்களிடம் முன்பே சொல்லியிருந்தால் நடக்காமல் இருந்திருப்பீர்களா? இருந்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். கெஞ்சிக்கொண்டே நடந்திருப்பீர்கள். சிரிப்பு மட்டும் இருந்திருக்காது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி யார் மனம் நோகும் என்பதற்காகவும் நான் நலம் என்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே நலமாகும் நாள் ஒன்று வந்தால் உங்கள் படத்தின் முன்னால் வந்துதான் முதலில் சொல்வேன். வருமா என்று தெரியாது. தெரியாது என்றே எழுதுகிறேன்.

இந்தத் தைப்பூசத்தன்று காலையில் அம்மா முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு, குடத்தைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். "படு" என்றாள். படுத்துக்கொண்டேன். மாலையில் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் முட்டிப் பட்டையை நான் படுத்தபடியே அவிழ்த்துவிட்டேன்.

இன்னும் எழுந்து வராத,
உங்கள் பாப்பா