தட்டைக் காட்டு

அன்புள்ள அத்தானுக்கு,

சர்வேசுரன் கிருபையால் மாலத்தீவில் நான் சுகம். மாமியின் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் என் தட்டைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் தூத்துக்குடிக்குச் சரக்குத் தோணியில் திரும்பும் ஆன்டனியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் டாக்டராகிவிட்டீர்கள். வீடியோவில் வந்ததும் நீங்கள், "ஏளா, தட்டக் காட்டு" என்கிறீர்கள். பின்னாலிருந்து மாமி, "சோத்த மலையாக் குமிச்சிருக்கா பாரு, பெறவு எப்படிச் சுகர் குறையும்?" என்கிறார்கள்.

போன வாரம் ஒருநாள் அந்தப் பேச்சுக்குப் பயந்தே, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதே வேர்த்துக்கொட்டி, நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் நாகர்கோவில் டீச்சர் ஒருத்தி, சுகர் இறங்கிவிட்டதென்று சீனித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள், சரியாகிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவள், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்களும் முன்பெல்லாம் அப்படித்தான் கேட்பீர்கள். இப்போது "என்ன சாப்பிட்ட?" என்று போலீஸ்காரர் மாதிரி கேட்கிறீர்கள்.

ஆன்டனி மறுபடி வரும்போது கேப்பை மாவு கொடுத்துவிடுங்கள். கூடுதலாக அரைத்துப் பாதியை வீட்டில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் களி கிண்டி வீடியோவில் எதிரே உட்காருங்கள். தனியாக விழுங்க முடியவில்லை. அன்றைக்கு உங்கள் தட்டை எனக்குக் காட்டுங்கள்.

தோணி புறப்படுகிறதென்று ஆன்டனி கத்துகிறான். நீங்கள் சாப்பிட்டீர்களா?

எமில்டா