சத்தமில்லாத மவுஸ்

நாகல் நகரில் இன்று மத்தியானம் கம்ப்யூட்டர் கடைக்காரர் புது மவுஸ் ஒன்றின் அட்டைப்பெட்டியைத் திறந்ததும் ரப்பரும் பிளாஸ்டிக்குமாக ஒரு வாசனை எழுந்தது. எனக்கு உன் மாத்திரைகள்தான் நினைவுக்கு வந்தன. போன மவுஸ் வந்த பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதில்தானே மாத்திரை அட்டைகளை வைத்திருந்தாய்? கடைசிவரை அந்தப் பெட்டிக்குள் இதே வாசனைதான்.

ஆமாம், நீ போன பிறகும் விளையாடுகிறேன். வெட்கங்கெட்டவன் என்று திட்டிக்கொள். வெங்காய மண்டியில் விடியலிலேயே வேலை தொடங்கி மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டால் வேறென்ன செய்வது? மவுஸில் ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை விழுகிறது என்று புதிது வாங்கப் போனேன். "கேம் ஆடவாண்ணே? சத்தம் வர்றது வேணுமா, சத்தமில்லாததா?" என்று கேட்டார் கடைக்காரர். சாதாரணக் கேள்விதான். எனக்கு மட்டும் அப்படியில்லை.

முதல் மவுஸ் வாங்க நான் பட்ட பாட்டைப் பார்த்து எப்படிச் சிரித்தாய்! உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், கட்டைவிரல் பக்கம் இரண்டு பொத்தான் வேண்டும் என்று ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். "மண்டியில வெங்காயத்தக்கூட இப்டி உருட்ட மாட்டீங்க. என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப இம்புட்டு யோசிச்சீங்களா?" என்றாய். கடையே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அப்புறம் நீ படுக்கையில் விழுந்தாய். சோறு ஊட்டிவிட்டு, மாத்திரை கொடுத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். உன் அருகில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. இதை உன்னிடம் நான் சொன்னதேயில்லை. நாளுக்கு நாள் நீ மெலிவதைப் பார்க்கச் சகிக்காமல் திரையில் யாரையாவது சுட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் நீ, "டக்கு டக்குன்னு என்னத்தத்தான் சுடுறீங்களோ" என்றாய். உன் தூக்கம் கெடுகிறது என்று நானாகவே முடிவு கட்டினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சத்தமில்லாத மவுஸைத் தேடத் தொடங்கினேன். வத்தலக்குண்டிலிருந்து என்னோடு விளையாடும் நண்பன், "அதுல பொத்தான் அமுங்குச்சா இல்லையான்னே தெரியாதுடா. ஆடுன மாதிரியே இருக்காது" என்று அலுத்துக்கொண்டான். "வீட்ல அவ தூங்கணும்டா" என்றேன். பெரிய தியாகி! மண்டியில் சொன்னேன், மாதா கோவிலில் பங்குச்சாமியாரிடமும் சொன்னேன். எல்லாரும் மெச்சினார்கள். உண்மையைச் சொல்லட்டுமா? சத்தம் நின்றதும் நிம்மதி எனக்குத்தான். உன்னைத் தொந்தரவு செய்யவில்லை என்ற தைரியத்தில் கதவையும் ஒருக்களித்துச் சாத்திவிட்டு முன்னைவிட அதிக நேரம் விளையாடினேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அந்த நாட்களில் உன்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த உன் தங்கை பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டே பேசினாள்.

"அந்த டக்கு டக்கக் கேட்டுக்கிட்டே அக்கா நல்லாத் தூங்கும் மாமா. நீங்க வீட்ல இருக்கீங்கன்னு தெரியும்ல. புது மவுஸ் வந்தப்புறந்தான் மத்தியானம் பூரா முழிச்சே கெடந்துச்சு. இருக்காரா, வெளிய போய்ட்டாரான்னு எட்டிப் பாத்துட்டு வாடின்னு என்னைய அனுப்பும்."

"கூப்ட்டிருக்கலாம்ல?" என்றேன். கோபப்பட்டேன் என்றே நினைக்கிறேன்.

"கூப்டட்டுமான்னு நானும் கேட்டேன் மாமா. வேணாம்டி, விளையாடுறாரு, கூப்டாத் தோத்துருவாருன்னு சொல்லிருச்சு."

அந்த மத்தியானங்களில் நான் எத்தனையோ ஆட்டம் ஜெயித்தேன். ஒன்றுகூட இப்போது ஞாபகத்தில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீ கண்ணை விழித்துக்கொண்டு என்னைத் தேடியிருக்கிறாய், நான் எவனையோ தேடித் தேடிச் சுட்டிருக்கிறேன். பாவி நான்.

இன்று கடைக்காரரிடம், சத்தம் வருவதையே கொடுங்கள் என்றேன். வாங்கி வந்து என்ன பயன்? கேட்பதற்கு ஆள் இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கேட்ட மறுநிமிடமே "பரவால்ல விடுங்க" என்று சொல்லிவிடுவாய். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டது. வீட்டில் எங்கே போனாலும் வாய்விட்டுச் சொல்கிறேன். குளிக்கப் போறேன், அடுப்படியில இருக்கேன், மாடிக்குத் துணி எடுக்கப் போறேன். நேற்று விடியலில் நான் கிளம்பும்போது எதிர்வீட்டு அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். "யார்கூடத் தம்பி பேசுறீங்க?" என்று கேட்டார். "போன்லக்கா" என்று பொய் சொன்னேன். அவர் உள்ளே போகும்வரை நின்றேன். பிறகு கதவைப் பாதி திறந்து உன் அறைப் பக்கமாகச் சொன்னேன்.

"மண்டிக்குப் போய்ட்டு வாரேன்மா. வந்து வீட்லதான் இருப்பேன்."