டச்சுக்காரன் கப்பல்

7-2-1981
இதையெல்லாம் நான் அன்றைக்கே சொன்னேன். கடலடித் தரையைச் சுரண்டும் வலையோடு பட்டணத்து லாஞ்சுகள் பழவேற்காட்டுக்கும் வரும், வந்தால் பன்னா மீன் போகும், நாக்குமீன் போகும் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்ன ஒரே ஆள் நான்தான். ஆறாவது படித்தவன் பேச்சை யார் கேட்கிறான். வந்தன. போயிற்று.

லைட்ஹவுஸுக்கு நேர் கிழக்கே உள்ள சேற்றுத் தரை மட்டும் தப்பியிருக்கிறது. அதுவும் என்னால். டச்சுக்காரன் கப்பல் அங்கே முழுகிக் கிடக்கிறது, வலை மாட்டினால் நார் நாராய்க் கிழியும் என்று லாஞ்சு டிரைவர் உலகநாதனிடம் சொல்லி வைத்தேன். நம் ஊரில் பெண் எடுத்தவன். நம்பினான்.

தங்கை குப்பம்மாள் வீட்டு அடுப்பு எரிவது அந்தத் தரையால்தான். அவள் மகன் தங்கவேலின் கட்டுமரம் வேறெங்கும் போவதில்லை.

19-2-1981
தங்கவேலுக்கு இரண்டு கூடை பன்னா. எனக்கு ஒரு கோர்வை கொடுத்தான். கொடுக்கத்தானே வேண்டும்.

3-3-1981
டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் உலகநாதன் கேட்டான், “இன்னா நைனா, கப்பல கண்ணால பாத்தியா, கனால பாத்தியா?” சிரித்தார்கள். நான் விடுவேனா? மூச்சடக்கி இறங்கினேன், பதினாறு பீரங்கி, அத்தனையும் பித்தளை, தடவிப் பார்த்த கை இது என்று நீட்டினேன். சிரிப்பு நின்றது.

6-3-1981
அந்தத் தரைமேல் நாலு லாஞ்சு.

7-3-1981
இன்றும்.

11-3-1981
பித்தளைக்காக, வலைக்கடியில் சங்கிலி கட்டி இழுக்கிறார்கள். காசாகாததைக் கடலிலேயே கொட்டிவிட்டார்கள். கரையெங்கும் ஒதுங்கிக் கிடக்கிறது — விரல் நீளமில்லாத பன்னாக் குஞ்சுகள், சினை நண்டு, நசுங்கிய சிப்பி. காக்கைகளாலும் தின்று தீர்க்க முடியவில்லை. பார்த்துவிட்டு வந்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன்.

2-5-1981
தங்கவேல் வலையில் கலங்கல் தண்ணீர்தான். குப்பம்மாள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அரிசி மட்டும் கேட்டாள்.

18-8-1981
தங்கவேல் உலகநாதன் லாஞ்சில் வேலைக்குப் போகிறான். கட்டுமரத்தைப் பிரித்துக் கட்டைகளைச் சுவரோரம் சாத்தினான். புறப்படும்போது வந்தான்.

“மாமா, எல்லாத்தியும் வாரிக்கினு வந்தாங்க, கப்பலு மட்டும் ஆப்டலியே. டிரைவரு என்னத்தான் கேப்பாரு. இன்னா சொல்றது?”

“சேத்துல எறங்கிட்ச்சுனு சொல்லு.”

தலையாட்டினான். இன்னும் நம்புகிறான்.

கப்பல் எதுவும் இல்லை. அந்தத் தண்ணீரில் நான் இறங்கியதும் இல்லை. பன்னா இருந்தது. அது மட்டும் நிஜம்.